மூன்றாவது டேங்கர்

நாகேஷ் செத்த அன்று காலை ஏழு மணிக்கு காந்தா ஆறு சீட்டுகளில் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் மாதம். அபார்ட்மென்ட்டின் போர்வெல் இரண்டும் வற்றிவிட்டன. ஒரு நாளைக்கு ஆறு டேங்கர் தண்ணீர் வந்தது. டேங்கர் பேஸ்மென்ட்டுத் தொட்டியான சம்ப்பில் தண்ணீரை இறக்கி முடித்த பிறகு சூப்பர்வைசர் வண்டி எண்ணைப் பார்த்து, நேரம் எழுதி, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். காந்தாதான் சூப்பர்வைசர். பதினோரு வருடம் பெருக்கித் துடைத்து அந்த இடத்துக்கு வந்தவள். ஆறு தடவை பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஏற அவளுக்கு நேரமில்லை. முதல் டேங்கரின் டிரைவரே அன்றைக்கான ஆறு சீட்டுகளையும் நீட்டுவான். அவள் எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்துவிடுவாள். நேரத்தை அவர்களே பிறகு எழுதிக்கொள்வார்கள். பெங்களூர் ஹெப்பகோடியில் எல்லா அபார்ட்மென்ட்டிலும் அப்படித்தான்.

அன்று இரண்டு டேங்கர்கள் வந்தன. மூன்றாவது வரவில்லை. எட்டு மணியிலிருந்து அவள் டேங்கர் ஓனர் மஞ்சுநாத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, சி பிளாக் குழாய்ல காத்துதான் வருது. என் உயிர வாங்குறாங்க."

"வண்டி கிளம்பிட்டுது காந்தம்மா. அஞ்சு நிமிஷம்."

"அரை மணியா அதே அஞ்சு நிமிஷந்தான் சொல்ற. பறந்து வரச் சொல்லுண்ணா."

எட்டே முக்காலுக்கு ஏரிக்கரை வளைவில், ராங் சைடில் வந்த ஒரு டேங்கர் நாகேஷின் ஸ்கூட்டர் மேல் ஏறியது. வண்டி நிற்கவில்லை. நீல நிற டேங்கர் என்று வளைவில் பூ விற்பவள் சொன்னாள். அந்த ரோட்டில் ஓடும் டேங்கர்கள் எல்லாமே நீலம். நம்பரை யாரும் பார்க்கவில்லை. நாகேஷுக்கு இருபத்திரண்டு வயது. காந்தாவுக்கு ஒரே மகன்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சுநாத்தே தன் காரில் அழைத்துப் போனான். கணவன் முனியப்பன் பின்சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ரோட்டில் டேங்கர் ஓட்டும் நான்கு ஓனர்களின் காகிதங்கள் இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்தன. அவர் ஒரு சீட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"இது நிம்ம சைன் தானே?"

அவள் பார்த்தாள். மூன்றாம் எண் போட்ட சீட்டு. நேரம் எட்டு நாற்பது. கீழே அவள் கையெழுத்து. இரண்டு நாளாக அவள் தண்ணீரைத் தவிர எதுவும் குடித்திருக்கவில்லை.

"ஹௌது சார்."

அப்படியென்றால் மஞ்சுநாத்தின் வண்டி அந்த நேரத்தில் உங்கள் சம்ப்பில் நின்றிருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர், கன்னடத்தில். சீட்டை அடியில் தள்ளினார். அடுத்த ஓனரின் காகிதத்தை எடுத்தார்.

ஒரு மாதம் போயிற்று. அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

டியூட்டி முடிந்ததும் காந்தா தினமும் வளைவில் போய் நின்றாள். டேங்கர் வந்தால் கண்ணாடிக்குள் டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த டேங்கர். அடுத்த முகம். பாக்டரி விட்டு வரும் வழியில் முனியப்பன் அவளைக் கூட்டிப்போக வருவான்.

"எத்தினி நாள் இங்கயே நிப்ப?"

"அவனப் பாக்குற வரிக்கும்."

"பாத்து இன்னா பண்ணுவ?"

"கொரவளயக் கடிச்சித் துப்புவேன்."

அவன் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மஞ்சுநாத் அடிக்கடி வீட்டுக்கு வந்தான். அரிசி வாங்கிப் போட்டான். பதினாறாம் நாள் பந்தலுக்கு ஆள் அனுப்பினான். டேங்கர் தவிர அவனுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'நம்ம மண்ணு சமிதி'க்கு அவன்தான் ஏரியா தலைவர். ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து நாகேஷின் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நோடம்மா, ஒரு விஷயம் காதுல விழுந்துது. உங்ககிட்ட சொல்லலாமா, வேணாமான்னு தெரியல."

"சொல்லுண்ணா."

"வண்டிய ஓட்டினவன் நம்ம ஊரு ஆளே கிடையாது. பங்களாதேஷ்காரன். லைசென்ஸ் இல்ல. ஆதார் டூப்ளிகேட்டு. ஏரிக்குப் பின்னால ஷெட்டு போட்டிருக்கே, அந்தக் கும்பல். இன்னிக்கி இங்க இருப்பான், நாளைக்கு பார்டர் தாண்டிடுவான். போலீஸ் யாரப் புடிக்கும்?"

"யாரு சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். வாயத்தான் தொறக்க மாட்டாங்க."

அன்று அவள் ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

சமிதியின் வாட்ஸாப் குரூப்பில் அவளைச் சேர்த்தார்கள். முதல் வாரம் வீடியோக்களைப் பாதியில் மூடினாள். இரண்டாவது வாரம் கடைசிவரை பார்த்தாள். எங்கோ ஒரு தெருவில் யாரையோ யாரோ அடித்தார்கள். எங்கோ ஒரு பெண் அழுதாள். இவர்கள் வந்த பிறகுதான் இப்படி என்று பின்னணியில் ஒரு குரல் இந்தியில் சொன்னது. எந்த ஊர், எந்த வருடம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் தன் கீழ் வேலை செய்யும் பதினாலு பேருக்கும் அவற்றை அனுப்பினாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, "பாத்தியா? ஏன் பாக்கல?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள்.

ஏரிக்குப் பின்னால் இருந்த ஷெட்டிலிருந்து மொமினா என்பவள் தினமும் காலையில் அபார்ட்மென்ட்டின் டிரை வேஸ்ட்டை எடுத்துப்போக வருவாள். நான்கு வருடப் பழக்கம். காந்தா பிறந்தது சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அந்தத் தெருவின் உருது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருவரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். மொமினா அவளை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்பாள். அட்டையும் பாட்டிலும் கட்டி முடித்ததும், காந்தா தோட்டத்துக் குழாயில் அவளுடைய இரண்டு கேன்களை நிரப்பிக்கொள்ள விடுவாள். நாகேஷின் பதினாறாம் நாள் அத்தனை பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தவள் மொமினா.

மே மாதம் முதல் வாரம் காந்தா பின்பக்கக் கேட்டைப் பூட்டினாள்.

"தீதி, கேட்டு பூட்டிக் கிடக்கு."

"உனக்குத்தான் பூட்டினது."

"நான் இன்னா பண்ணேன்?"

"ஆதார் எடுத்துட்டு வா. அப்புறம் பேசு."

மொமினா மறுநாள் கொண்டுவந்தாள். லேமினேஷன் போட்ட ஆதார். அதோடு மேற்கு வங்காளத்தின் ஏதோ ஒரு ஜில்லாவின் வோட்டர் கார்டு. காந்தா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

"டூப்ளிகேட்டு" என்றாள்.

மொமினாவின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்க்க காந்தாவுக்கு நன்றாக இருந்தது. வளைவில் நின்ற இத்தனை நாளில் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. கேன் இரண்டையும் காலால் தள்ளிவிட்டாள். ரோட்டில் உருண்டன.

முனியப்பனுக்கு விஷயம் எட்டியது.

"தொண்ணூத்தொண்ணுல உங்கப்பாவ நிறுத்தி இப்பிடித்தான் கேட்டானுங்க. நீ எந்த ஊருன்னு. ஞாபகம் கீதா?"

காவிரிக் கலவரத்தில் அவள் அப்பாவின் இஸ்திரி வண்டியைக் கொளுத்தினார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வண்டி எரிந்த பிறகும் பெட்டிக்குள் இருந்த கரி தனியாகக் கனன்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

"எங்கப்பா யாரு மேலயும் வண்டிய ஏத்தல."

"மொமினா ஏத்துனாளா?"

"அவ ஆளுங்க ஏத்துனாங்க."

"எவன் சொன்னான்?"

"நீ இன்னாய்யா, புள்ளயப் பறிகுடுத்தவன் மாதிரியா பேசுற?"

அதற்குப் பிறகு அவன் அவளிடம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சர்க்கிளில் சமிதி கூட்டம் போட்டது. பத்தடி உயர ஃப்ளெக்ஸில் நாகேஷ் சிரித்தான். சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டிருந்தார்கள். அவன் தோளில் மட்டும் யாருடைய விரல்களோ மிச்சமிருந்தன. காந்தா கன்னடத்தில் ஐந்து நிமிடம் பேசினாள். எழுதிக் கொடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டாள்.

"என் பிள்ளையை மண்ணில் வைத்தேன். அவர்கள் இன்னும் இந்த மண்ணில் நடக்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்."

கூட்டம் கத்தியது. கீழே இறங்கியதும் நாகேஷ் வயதுப் பையன்கள் அவள் காலைத் தொட்டார்கள். அம்மா என்றார்கள். வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

மேடையில் உட்கார்ந்திருந்த ஒருவன் காவிரி பந்த் சமயத்தில் தமிழ் போர்டுகளுக்குத் தார் பூசியவன். பக்கத்து வீட்டு சரசு அதைச் சொன்னாள்.

"இப்பப் பூசலியே" என்றாள் காந்தா.

வெள்ளிக்கிழமை மஞ்சுநாத் போன் செய்தான்.

"காந்தம்மா, ஆள் யாருன்னு கன்ஃபர்ம் ஆயித்து. ஸலீம்."

ஸலீம் மொமினாவின் புருஷன். மஞ்சுநாத்தின் டேங்கரில் ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தவன். சம்ப்புக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான்.

"அவன் உன்கிட்ட வேல செஞ்சவனாச்சே."

"அன்னிக்கி எனக்கு லீவு சொல்லிட்டு வேற ஓனர் வண்டிய எடுத்திருக்கான். அதுக்கப்புறம் அவன் வேலைக்கு வந்ததப் பாத்தீங்களா?"

அவள் யோசித்தாள். அந்த நாளுக்குப் பிறகு ஸலீம் வரவில்லை. அது உண்மை.

"ஞாயித்துக்கிழமை காலைல ஷெட்டுக்குப் போறோம். நீங்க முன்னால நடக்கணும். எங்க பசங்களுக்கு அவனத் தெரியாது. நீங்கதான் கைகாட்டணும்."

"காட்டறேன்."

"பெத்தவங்க கையால காட்டினாத்தான் அதுல ஒரு நியாயம் இருக்கு."

சனிக்கிழமை முழுவதும் அவள் உதட்டுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பேஸ்மென்ட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது மொமினா நின்றிருந்தாள். கார் இறங்கும் சரிவு வழியாக வந்திருக்கிறாள். கையில் சாக்கு இல்லை.

"யாரு உன்ன உள்ள வுட்டது?"

"தீதி, ஒரே ஒரு தடவ கேளு. அப்புறம் அடி. அந்த வண்டில என் புருஷன் இருந்தான். ஆனா ஓட்டல. ஓட்டினது மஞ்சுநாத்தோட அக்கா புள்ள."

"பொய்."

"உன் அபார்ட்மென்ட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாங்க. நீ போன் மேல போன் பண்றன்னு ஓனர் அவன் மேல கத்துனான். அவன் ராங் சைடுல ஏத்துனான்."

"பொய். அவங்க வண்டி இங்க நின்னுது. பேப்பர் கீது."

"அன்னிக்கி மூணாவது வண்டி வந்துச்சா, தீதி?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காந்தா அதை நிறுத்தினாள்.

"இவ்ளோ நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா ஷெட்டக் கொளுத்திடுவேன்னு ஓனர் சொன்னான். பயம். ஸலீம் சோறே எறங்காம கெடந்தான். திங்கக்கிழமை ஸ்டேஷன்ல போயி சொல்லிடறேன்னான். அத எவன்கிட்டயோ வாய வுட்டுட்டான். அதான் நாளைக்கி வர்றாங்க." மொமினா கையைக் கூப்பினாள். "நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். உன் பேச்சு நிக்கும்."

"போ."

"தீதி."

"போடி."

அவள் போன பிறகு காந்தா சம்ப்பின் மூடி மேல் உட்கார்ந்தாள். குடியிருப்போர் வாட்ஸாப் குரூப்பைத் திறந்து மார்ச் மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போனாள். அந்தத் தேதி. காலை ஒன்பது ஐந்து. செகரட்டரி எழுதியிருந்தார்: 'மூன்றாவது டேங்கர் இன்னும் வரவில்லை. காந்தா, உடனே பாருங்கள்.' ஒன்பது ஏழுக்கு அவள் பதில்: 'வந்துட்டே இருக்கு சார்.' அதற்கு அடுத்து அன்று அவள் எதுவும் எழுதவில்லை. ஒன்பது பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது.

சீட்டில் எட்டு நாற்பது.

ஸ்டேஷனுக்குப் போகலாம். போனால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். வராத தண்ணீருக்கு நான் கையெழுத்துப் போட்டேன் சார். காலை ஏழு மணிக்கே போட்டேன். உங்கள் முன்னால் உட்கார்ந்து அது என் கையெழுத்துதான் என்றும் சொன்னேன். பறந்து வரச் சொன்னதும் நான்தான். இதை முனியப்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது ஆத்திரம். மஞ்சுநாத் மேலும் வந்தது, அவன் அக்கா மகன் மேலும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், இதைக் கொண்டுவந்து தன் முன்னால் போட்ட மொமினா மேல் வந்தது.

வீட்டில் முனியப்பன் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தான்.

"லிங்கராஜபுரம் போறேன். அக்கா வூட்டுக்கு. நீயும் வந்துடு."

"நாளைக்கி எனக்கு வேல கீது."

"தெரியும். அதான் கூப்புடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவன் காத்திருந்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் படியிறங்கிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுபது பைக்குகள் நின்றன. ஒரு ஜேசிபியும் வந்தது. போலீஸ் ஜீப் தூரத்து டீக்கடையில் நின்றது. நாகேஷின் ஃப்ளெக்ஸை இரண்டு கம்பத்தில் கட்டியிருந்தார்கள். வலது கம்பத்தைப் பிடித்திருந்தவன் மஞ்சுநாத்தின் அக்கா மகன். அவனைத் தினமும் சம்ப்பில் பார்ப்பவள்தான். இன்றுதான் பார்த்தாள். மெலிந்த பையன். நாகேஷைவிட ஒரு வயது கூட இருக்கலாம். நெற்றியில் குங்குமம். அவள் பார்ப்பது தெரிந்ததும் கம்பத்தை இன்னொரு தோளுக்கு மாற்றி முகத்தை அதன் பின்னால் வைத்துக்கொண்டான்.

அவள் முன்னால் நடந்தாள்.

ஷெட்டுகளுக்கு முன்னால் சமிதிப் பையன்கள் ஏற்கெனவே ஆண்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். பதினேழு பேர். பெண்கள் எதிரே பிளாஸ்டிக் மூட்டைகளின் பக்கம். மொமினா அவர்களுக்கு முன்னால் நின்றாள். ஸலீம் நாலாவதாக நின்றான். லுங்கி, கிழிந்த பனியன். ஓடிப்போகாமல் ஏன் நின்றான் என்று காந்தாவுக்குத் தோன்றியது. மொமினா நேற்று போய் ஏதாவது சொல்லியிருப்பாள். தீதி கேட்டுக்கொண்டாள் என்று சொல்லியிருப்பாள்.

"அம்மா, யாருன்னு காட்டுங்க" என்றான் மஞ்சுநாத்.

எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அறுபது பேர். மஞ்சுநாத்தும் பார்த்தான். அவன் கண்ணில் சின்னப் பயம் இருந்தது. மொமினா பேஸ்மென்ட்டுக்கு வந்தது அவனுக்கு எட்டியிருக்கும். அந்தப் பயத்தை அவள் ரசித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். திரும்பி அந்தக் கம்பத்தைக் காட்டலாம். காட்டினால் ஒருவனும் அசைய மாட்டான். இந்தப் பக்கம் காட்டினால் அறுபது பேரும் அசைவார்கள். யாராவது ஒருவன் மேல் இது இறங்கியாக வேண்டும். இன்றே இறங்க வேண்டும். மூன்று மாதம் அவள் இதற்காகத்தான் சாப்பிட்டாள், குளித்தாள், வேலைக்குப் போனாள்.

"இவன்தான்" என்றாள்.

ஸலீம் மொமினாவைத்தான் பார்த்தான். பிறகு அவன் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. காந்தா கண்ணை மூடவில்லை. விலகவும் இல்லை. இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அவன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். யாரோ அவளுக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் நின்றாள்.

பன்னிரண்டு மணிக்குள் ஷெட்டுகள் தரைமட்டம். பெண்களும் குழந்தைகளும் ரோட்டோரம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மொமினா அங்கே இல்லை. ஸலீமை ஏற்றிய ஆட்டோவில் போயிருந்தாள். தாடை உடைந்திருக்கிறது, பிழைப்பான், பேச மாதக்கணக்காகும் என்று சாயங்காலம் குரூப்பில் வந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல். அடையாளம் தெரியாத ஐம்பது பேர் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் டேங்கர் சரிவில் இறங்கியது. ஓட்டி வந்தவன் மஞ்சுநாத்தின் அக்கா மகன். கண் வீங்கியிருந்தது. ஜன்னல் வழியாக ஆறு சீட்டுகளை நீட்டினான்.

"அம்மா, சைன்."

காந்தா வாங்கவில்லை.

"தண்ணி எறங்கட்டும்."

"டெய்லி மொதல்லயே..."

"எறங்கட்டும். ஒவ்வொண்ணா போடறேன்."

சீட்டைப் பிடித்த கை வெளியிலேயே நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஹோஸ் பிடிக்க அவனோடு யாரும் வரவில்லை. அவனே இறங்கி இழுத்தான். மாட்டும்போது இரண்டு முறை நழுவியது. தண்ணீர் பீய்ச்சி அவன் சட்டை நனைந்தது. காந்தா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சம்ப்பின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டாயிரம் லிட்டர். இருபது நிமிடம். இருபது நிமிடமும் அவன் முகத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. அவன் டயரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், ஹோஸைப் பார்த்தான்.

கடைசித் தண்ணீர் சொட்டியதும் அவள் ஒரே ஒரு சீட்டை வாங்கினாள். வண்டி எண்ணைப் படித்தாள். நேரத்தைத் தானே எழுதினாள். ஏழு இருபத்தைந்து. கையெழுத்துப் போட்டாள்.

"உங்க மாமாகிட்ட சொல்லு. இனிமே இங்க வர்ற வண்டி எல்லாம் நீதான் ஓட்டிட்டு வரணும். வேற ஆள் வந்தா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவேன்."

"அம்மா..."

"மூணாவது லோடு எட்டு நாப்பதுக்கு" என்றாள். "இங்கயே உக்காந்திருப்பேன்."